ஆகஸ்ட் பதினேழு

செருப்பை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்வார்கள் என்று தனகோடி நினைத்திருக்கவில்லை. கம்பெனி வேலைக்கு ஆள் எடுக்கிற இடத்தில் செருப்பைப் பற்றி யார் யோசிப்பார்கள். ஆனால் அவர்கள் ஆள் எடுத்தது சுங்குவார்சத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். மண்டபத்து வாட்ச்மேனுக்கு உள்ளே நடப்பது முகூர்த்தமா இன்டர்வியூவா என்பது ஒரு பொருட்டாக இல்லை, "செருப்ப அங்கியே வுடும்மா, உள்ள கிரானைட்டு" என்று ஒவ்வொருத்தியையும் படியிலேயே நிறுத்திக்கொண்டிருந்தார். அதனால் இப்போது அவள் இருநூறு பெண்களுக்கு நடுவில் வெறுங்காலோடு நின்றாள். இரண்டு காலிலும் மெட்டி கிடந்த விரல் வெளுத்து இடுங்கி, யாராவது குனிந்து பார்த்தால் போதும் என்கிற மாதிரி இருந்தது. விடிகாலையில் சோப்பு நுரை போட்டு உருவியது. தாலியைப் பற்றித்தான் இரண்டு நாளாகக் கவலைப்பட்டிருந்தாள். அதைக் கழற்றி மஞ்சள்தூள் டப்பாவுக்குள் வைத்து மூடியதும் கழுத்து ஒன்றும் தெரியாத கழுத்தாக ஆகிவிட்டது. கால்விரல்தான் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறது. நல்லவேளை, தங்கச்சியின் சுடிதார் பேன்ட் அவளுக்கு நீளம். இடுப்பில் கொஞ்சம் தளர்த்திக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். பிரியதர்ஷினி. பிரியதர்ஷினி. அப்பா பேர் கண்ணியப்பன். பிறந்த தேதி ஆகஸ்ட் பதினேழு. வயசு இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை. இதற்கு முன்னால் எங்கேயும் வேலை பார்த்ததில்லை. ஆறே ஆறு விஷயம். அதில் அப்பா பேர் மட்டும் நிஜம், மற்ற ஐந்தும் அந்த ஒன்றின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றன.

பிரியதர்ஷினி அவளுடைய தங்கச்சி. எட்டு வயது இளையவள். திருத்தணிப் பக்கம் கட்டிக்கொடுத்து இரண்டு பிள்ளைகள், புருஷன் வேலைக்கு அனுப்ப மாட்டான், அவள் படித்த பிளஸ் டூ ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் பீரோ மேல் கிடந்தது. தனகோடி அதையும் ஆதாரையும் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாள். தங்கச்சி சிரித்தாள். "எடுத்துக்கோக்கா. இங்க சும்மாதான கெடக்குது. நானும் வேலைக்குப் போன மாதிரி இருக்கும்." ஆதாரில் இருக்கிற முகம் ஜெராக்ஸ் போட்டால் யார் முகமாகவும் இருக்கலாம், கறுப்பாக ஒரு வட்டம், நடுவில் வகிடு. முகம் கூடப் பரவாயில்லை, பேரில்தான் வயசு இருக்கிறது என்று தனகோடிக்குத் தோன்றியது. தனகோடி என்று பேர் வைத்த காலத்தில் பிறந்தவளுக்கு இருபத்தாறு வயசு எப்படி இருக்கும். அவளுக்கு அப்பாவின் அம்மா பேரை வைத்தார்கள். எட்டு வருஷம் கழித்துப் பிறந்தவளுக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்ன பேரை வைத்தார்கள், வீட்டில் யாராலும் அதை முழுசாகச் சொல்ல முடியவில்லை, அப்பா கடைசி வரைக்கும் பிரியா என்றுதான் கூப்பிட்டார். முழுப் பேரைக் கேட்டால் முழுப் பேரைச் சொல்ல வேண்டும். தர்ஷினி என்கிற இடத்தில் நாக்கு மடங்குகிறது. பஸ்ஸில் வரும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள், பக்கத்து சீட்டுக் கிழவர், சாமி பேர் ஏதோ ஜபிக்கிறாள் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளி மரியாதையாக உட்கார்ந்துகொண்டார். காலையில் மாசிலாமணி, அவள் புருஷன், வாசலில் தண்ணீர் கேன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவன், அவள் வெறுங்கழுத்தோடு சுடிதாரில் வெளியே வந்ததைப் பார்த்தான். "பாத்துப் போ" என்றான். வேறு ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சண்டை போட்டிருந்தால் வராமல் இருந்திருக்கலாம்.

முன்னால் நின்ற பெண் திரும்பி, "எந்த ஊருக்கா?" என்றாள். பார்த்ததுமே அக்கா. பத்தொன்பது வயசு இருக்கும், வந்தவாசியாம், முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக. "உத்திரமேரூர் பக்கம்" என்றாள் தனகோடி. "நீங்க எந்த வருசம் பிளஸ் டூ முடிச்சீங்க?" ஐயோ, வருஷம். இருபத்தாறில் பதினேழு போனால் ஒன்பது, இந்த வருஷத்திலிருந்து ஒன்பது கழித்தால். கழித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண், கேட்டதை மறந்து, "இங்க ஏசியாம்ல கா, உள்ள ஜில்லுனு இருக்குமாம், கேப்பு கோட்டு எல்லாம் அவங்களே குடுத்துடுவாங்களாம்" என்றாள். ஆமாம், குடுப்பார்கள். கோட்டு முதல் மாசம் தோளில் நிற்காது. தொப்பிக்குள் ஒரு முடி வெளியே தெரிந்தால் சூப்பர்வைசர் தன் கண்ணாலேயே அதைக் காட்டுவான். உடம்புக் கரன்ட் போனில் ஏறாமலிருக்க மணிக்கட்டில் ஒரு பட்டை, அதிலிருந்து சுருள் கம்பி ஒன்று மேசைக்கு, கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்ட மாதிரி. பழைய போன் கம்பெனியில் முதல் வாரம் சாப்பாட்டு பெல் அடித்ததும் பட்டையைக் கழற்ற மறந்து எழுந்து, மேசையே கூட வருகிற மாதிரி இழுபட்டவள் தனகோடி. லைன் முழுக்கச் சிரித்தது. இதையெல்லாம் இந்தப் பெண்ணுக்குச் சொல்லலாம், சொல்லக் கூடாது, அவள் எங்கேயும் வேலை பார்த்ததில்லை. மண்டபத்து வாசல் போர்டில் வயசு இருபத்தெட்டுக்குள் என்று போட்டிருந்தது. கல்யாணம் ஆகாதவர்கள்தான் வேண்டும் என்பதை போர்டில் போடவில்லை, ஆள் சேர்க்கிற புரோக்கர் வாயால் சொன்னான். பழைய போன் கம்பெனி ஆளுங்க வேண்டாம் என்பதையும் வாயால்தான் சொன்னான். "அவுங்க ஸ்ட்ரைக்குன்னு கேட்டுல உக்காந்து பழகினவங்கம்மா. ஒருவாட்டி உக்காந்துட்டா எங்க போனாலும் உக்காருவாங்களாம்." தனகோடி உட்காரவே இல்லை. ஆனால் அதை எந்தக் காகிதத்தில் காட்டுவது.

ஒன்பது வருஷம். ஊர் ஏரிக்கரையில் விடிவதற்கு முன்னால் வெள்ளை பஸ் வந்து நிற்கும், பதினோரு பெண்கள் ஏறுவார்கள், பத்து நிமிஷத்தில் பதினோரு தலையும் ஜன்னலில் சாய்ந்துவிடும். ஒரு போனுக்கு ஆறு ஸ்க்ரூ. எள்ளு மாதிரி இருக்கும். ஆறாவது ஸ்க்ரூவை இறக்கும்போது அடுத்த போன் முழங்கைக்குப் பக்கத்தில் வந்திருக்கும். கை பார்த்துக்கொள்ளும், அவள் பாட்டுக்கு வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பாள். அந்த ஒன்பது வருஷத்தில் நினைத்த அளவுக்கு அவள் முன்பும் நினைத்ததில்லை, பிறகும் நினைத்ததில்லை. பிறகு ஒரு நாள் போன்கள் இடைவெளி விட்டு வந்தன. லைனில் ஒரு போனுக்கும் அடுத்ததற்கும் நடுவில் சும்மா நகருகிற ரப்பர் பெல்ட்டைப் பார்க்க முடிந்தது, அப்போதுதான் அதில் நீலமாக ஒரு கோடு இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. அப்புறம் ஒரு ஷிஃப்டை நிறுத்தினார்கள். அப்புறம் வேலை இல்லாமலே உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தார்கள், யோகா கற்றுத்தந்தார்கள். அப்புறம் மூடினார்கள். எதுவும் வெடிக்கவில்லை. ஏரிக்கரைக்கு பஸ் வரவில்லை, அவ்வளவுதான். கம்பெனி பஸ் வருகிற ரோடு என்பதற்காக அந்தப் பக்கமாக விட்டிருந்த டவுன் பஸ்ஸும் நின்றது. கம்பெனிப் பெண்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று வயல்காரர்கள் மொட்டைமாடியில் கட்டிய ரூம்களுக்குப் பூட்டு விழுந்தது, வெளிப்பக்கமாக ஏறுகிற இரும்புப் படிகள் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் துருப்பிடித்து நின்றன. ஒரே வருஷத்தில் பதினோரு பேரில் ஏழு பேருக்குக் கல்யாணம் ஆனது. முன்பெல்லாம் மாப்பிள்ளை வீட்டார் வந்தால், "பொண்ணு நைட் ஷிஃப்டு, ஞாயித்துக்கிழமை வாங்க" என்று திருப்பி அனுப்பிய வீடுகள். மாசிலாமணி அப்போது கம்பெனி கேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினான். அப்படித்தான் பழக்கம். ஆட்டோவை விற்ற அன்றைக்கு அவன் வீட்டுக்கு நடந்து வந்தான். எட்டு கிலோமீட்டர்.

வரிசை ஒரு தூண் தள்ளி நகர்ந்தது. அப்போதுதான் எஸ்தரைப் பார்த்தாள். நாலு பேர் பின்னால், நீலப் புடவை, கழுத்தில் எப்போதும் போடுகிற கறுப்புக் கயிறு. லைனில் ஒன்பது வருஷமும் அவளுக்கு எதிர் சீட்டு. எஸ்தருக்கு இவளைக் கோடி என்று கூப்பிட்டுத்தான் பழக்கம், ஏய் கோடி, கோடீஸ்வரி, கேன்டீனில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கிற குரல். இப்போது அவள் வாயைத் திறந்தால் போதும். தனகோடி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு மேடையைப் பார்த்தாள். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிவப்பு நாற்காலிகளை ஓரமாக இழுத்துப் போட்டு, பிளாஸ்டிக் மேசையில் லேப்டாப்போடு ஒரு பையன் சாரும் ஒரு மேடமும் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்திருப்பாளா. பார்த்திருப்பாள், எஸ்தர் கண்ணுக்கு எது தப்பும், டிஸ்பிளேயில் மயிரிழை கீறலைக் கண்டுபிடிக்கிறவள். புடவையில் வந்திருக்கிறாள், அப்படியென்றால் எதையும் மறைக்கப் போவதில்லை. பிறகு எதற்கு வந்தாள். மூடுகிற சமயத்தில் யூனியன்காரர்கள் கேட்டுக்கு வெளியே பந்தல் போட்டு இருபத்திரண்டு நாள் உட்கார்ந்தார்கள், எஸ்தர் முதல் வரிசையில். விருப்ப ஓய்வு என்று ஒரு தாளை நீட்டினார்கள், விருப்பம் யாருடையது என்று அதில் இல்லை. தனகோடி இரண்டாம் நாளே கையெழுத்துப் போட்டாள். கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தது, காரணம் என்றால் அது காரணம். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வருவதற்கு இருந்தது அந்த ஒரே கேட்தான். பந்தலைக் கடக்கும்போது எஸ்தர் நிமிர்ந்து பார்த்து, "போட்டுட்டியா?" என்றாள். "ம்." "சாப்டியா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அந்த சாப்டியாவை மூன்று வருஷமாகத் தனகோடி புரட்டிப் புரட்டிப் பார்த்திருக்கிறாள், அரிசி களைகிறபோது, பஸ்ஸுக்கு நிற்கிறபோது. அது வாஞ்சையாக இருந்தால் ஒரு மாதிரி. குத்தலாக இருந்தால் ஒரு மாதிரி. சாப்பிடவில்லை என்று சொல்லியிருந்தால் பந்தலில் அவர்கள் பொங்கிய சோற்றில் ஒரு தட்டு கொடுத்திருப்பாளோ. சாப்பிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"பிரியதர்ஷினி." யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். "பிரியதர்ஷினி, கண்ணியப்பன் டாட்டர்." அப்பா பேர் காதில் விழுந்ததும்தான் கால் நகர்ந்தது. மேடைப் படியில் ஏறும்போது பேன்ட் தடுக்கியது, அதைக் கையால் தூக்க முடியாது, தூக்கினால் விரல் தெரியும், அப்படியே மிதித்துக்கொண்டு ஏறினாள். மேடம் ஒரு பலகையை முன்னால் வைத்தாள். சின்னச் சின்ன ஓட்டைகள், பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் ஊசி மாதிரிக் குச்சிகள், ஒரு நிமிஷத்துக்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொருக வேண்டும். கிண்ணத்தில் விரல் போனதும் உடம்பு முழுக்க ஒரு அமைதி வந்தது. மூன்று வருஷமாக இந்தக் கை எங்கே போயிருந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் அவளைக் கேட்காமலே எடுத்தன, திருப்பின, இறக்கின, எடுத்தன. முதல் வரிசை முடிந்து இரண்டாவது வரிசையில் பாதிக்கு வந்தபோதுதான் பின்னால் கழுத்தில் ஒரு பார்வை படுவது மாதிரி இருந்தது. இந்த வேகம் எங்கேயும் வேலை பார்க்காதவளுடைய வேகம் இல்லை. உடனே ஒரு குச்சியைத் தவறவிட்டாள். வேண்டுமென்றே. குனிந்து எடுத்தாள். இன்னொன்றை ஓட்டைக்கு வெளியே இடித்தாள். கை முரண்டு பிடித்தது. ஒரு மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுத்து நிறுத்துவது மாதிரி அதை நிறுத்தி நிறுத்திச் சொருகினாள். தாலியைக் கழற்றும்போதுகூட இவ்வளவு சிரமமாக இல்லை. "பரவால்ல, பழகிடும்" என்றாள் மேடம் ஆறுதலாக. "தேங்க்ஸ் மேடம்" என்றாள் தனகோடி. அடுத்து பையன் சார். "பேரு?" "பிரியதர்ஷினி." நாக்கு மடங்கவில்லை. "மேரேஜ்?" "ஆகல சார்." "எக்ஸ்பீரியன்ஸ்?" "இல்ல சார்." "டேட் ஆஃப் பர்த்?" கையை நிறுத்துவதிலேயே இருந்த மனசு அந்தப் பக்கமே இன்னும் நின்றுகொண்டிருந்தது. "மார்ச்சு ஒம்பது" என்றாள்.

சார் லேப்டாப்பிலிருந்து முகத்தை எடுத்தான். மார்ச் ஒன்பது தனகோடி பிறந்த நாள். அது வாயிலிருந்து வெளியே போய் மேசை மேல் உட்கார்ந்துகொண்டது, இனி அதைத் திரும்ப எடுக்க முடியாது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. "மார்ச்சா? இதுல ஆகஸ்ட்டுன்னு இருக்கு." மின்விசிறி சுற்றியது. ஆகஸ்ட் என்ற வார்த்தையை அவள் பார்த்தாள், பஸ்ஸில் வரும்போது நூறு தடவை சொன்ன வார்த்தை, இப்போது யாருடைய மாசமோ மாதிரி இருந்தது. மேடமும் திரும்பினாள். அப்போது படியிலிருந்து அந்தக் குரல் வந்தது, கேன்டீனில் இந்தக் கோடிக்குக் கேட்கிற அதே குரல். "சார், அது ஸ்கூல்ல சேக்கும்போது வாத்தியார் அவராப் போட்டுக்கினது சார். எங்க பக்கம் பாதிப் பேருக்கு வூட்ல ஒரு நாளு, பேப்பர்ல ஒரு நாளு." ஒரு மூச்சு விட்டு, "யேய் பிரியா, பேப்பர்ல இருக்கறதச் சொல்லுடி, அவரு இன்னா உனக்குப் பொறந்த நாளா கொண்டாடப் போறாரு" என்றது. வரிசையில் சிரித்தார்கள். சாரும் லேசாகச் சிரித்துவிட்டான். "ஆகஸ்ட் பதினேழு சார்" என்றாள் தனகோடி. "இது தெரியாம எல்லாம் வராதீங்கம்மா" என்று அவன் எதையோ தட்டி அவளுக்கு வலதுபக்கம் கை காட்டினான், பிறகு படியைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றான். "அவங்க ஊரு." "உங்க வயசு?" "முப்பத்தஞ்சு." "போர்டு பாக்கலியா?" "பாத்துட்டுதான் வந்தேன். போன் கம்பெனில ஒம்பது வருசம் டெஸ்டிங் சார். ஒருவாட்டி கேட்டுப் பாக்கலாம்னு." "எடுக்க மாட்டாங்கம்மா. வெயில்ல வந்ததுதான் மிச்சம்." "சரி" என்றாள் எஸ்தர். அந்த சரியில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை, ஒரு கடையில் உப்பு இருக்கா என்று கேட்டு இல்லை என்றால் சொல்கிற சரி.

தேறியவர்கள் போட்டோவுக்கு வலதுபக்கம் போக வேண்டும், சமையல்கட்டுக்குப் போகிற வழியில். தேறாதவர்கள் இடதுபக்கப் படி வழியாக இறங்கி வாசலுக்கு. தனகோடி வலதுபக்கம் நடந்தாள். எஸ்தர் அவளைக் கடந்துதான் போனாள், ஒரு கை தூரம், ஆனால் அவளைப் பார்க்கவில்லை, பார்க்காமலே போவது தனகோடிக்காகவா, இல்லை பார்க்கப் பிடிக்காமலா. பிரியா என்றாளே. பேர் கூப்பிட்டபோது கேட்டிருக்கிறாள், கேட்ட உடனே எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்திருக்கிறாள், சுடிதார், வெறுங்கழுத்து, கீழே போட்ட குச்சி. குச்சியைப் பார்த்திருந்தால் அதைப் பற்றி என்ன நினைத்திருப்பாள். மற்றதைக்கூட மன்னித்துவிடுவாள், அதை மன்னிப்பாளா. ஓடிப்போய், எஸ்தர், ஒரு டீ குடிச்சிட்டுப் போடி என்று சொல்லலாம். மண்டபத்துக்கு எதிரிலேயே டீக்கடை இருக்கிறது. டீ குடிக்கிற நேரத்தில் போட்டோ வரிசை போய்விடும், போனால் திரும்பக் கூப்பிடுவார்களா என்று யாரைக் கேட்பது, கேட்டால் மறுபடி பேர் சொல்ல வேண்டும். வந்தவாசிப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், "ரெண்டு பேருக்கும் கெடச்சிடுச்சுக்கா, ஹாஸ்டல்ல ஒரே ரூம் கேப்போம்." வெள்ளைத் துணி கட்டிய சுவருக்கு முன்னால் ஒரு ஸ்டூல். தனகோடி உட்கார்ந்தாள். அங்கேயிருந்து மண்டபத்து வாசல் முழுசாகத் தெரிந்தது. எஸ்தர் செருப்புக் குவியலுக்குள் காலால் துழாவித் தன்னுடையதைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒன்று கிடைத்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. வாட்ச்மேனும் குனிந்து தேடினார். கிடைத்ததும் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, லாரிகள் போகிற ரோட்டில் இடம் கிடைக்கட்டும் என்று காத்து நின்றாள். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. "ம்ஹூம்" என்றான் கேமராக்காரன். "எங்கியோ பாக்குறீங்க. பிரியதர்ஷினி, இந்தப் பக்கம் பாருங்க."

அவள் இந்தப் பக்கம் பார்த்தாள்.